ஜப்பானியப் பேச்சில் ஆண் நடை, பெண் நடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழில் ‘நான் வந்தேன்’ என்று ஆண் சொன்னாலும் பெண் சொன்னாலும் சொல் மாறாது. படர்க்கையில்தான் ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று பால் தெரியும். ஜப்பானிய வினை எங்குமே பால் காட்டுவதில்லை. ஆனால் ‘நான்’ என்பதற்கு எந்தச் சொல்லை எடுக்கிறோம், வாக்கியத்தை எந்த இடைச்சொல்லால் முடிக்கிறோம் என்பதிலேயே பேசுபவர் தம்மை எப்படிக் காட்டிக்கொள்கிறார் என்பது வெளிப்பட்டுவிடும்.

அனிமே என்னும் ஜப்பானிய அசைபடங்களைப் பார்த்துப் பழகியவர்கள் ‘நான்’ என்பதற்கு ‘ஒரே’ என்று சொல்வதுதான் நான் அதிகம் கவலைப்படும் தவறு. நெருங்கிய நண்பர்களிடையே ஆண்கள் இயல்பாகச் சொல்லும் அச்சொல், புதிதாக அறிமுகமானவரிடமோ மேலதிகாரியிடமோ முரட்டுத்தனமாக ஒலிக்கும். அங்கே ஆண்களுக்கும் ‘வதாஷி’தான் பொருத்தம், அது பெண்களுக்கு மட்டுமான சொல் என்று எண்ணித் தயங்க வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ஆசிரியையிடமோ தோழியிடமோ கேட்டே மொழியைப் பழகிய ஆண்கள், ‘அழகாக இருக்கிறதே’ என்பதற்கு ‘கிரேய் நே’ என்கிறார்கள். நடுவில் ‘த’ சேர்த்து ‘கிரேய் த நே’ என்றால் அந்தப் பெண்மைச் சாயல் நீங்கிவிடும். இன்றைய இளம்பெண்கள் பலரும் ‘த’ சேர்த்தே பேசுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ‘வ’, ‘கஷிரா’ போன்ற முடிவுகளைப் பெண்கள் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று பழைய பாடநூல்களை நம்பிப் பேசுபவர், மொழிமாற்றுப் படத்தின் கதாநாயகியைப் போல ஒலிப்பார். பெண்மைக்கு இலக்கணமாகக் கருதப்பட்ட இந்நடையின் வேர், மேஜி காலத்து (1868–1912) டோக்கியோ பள்ளி மாணவியரின் பேச்சில் இருக்கிறது. அன்றைய எழுத்தாளர்களும் கல்வியாளர்களும் அதையே பண்பற்ற பேச்சு என்று கண்டித்தார்கள்.

‘நீங்கள்’ என்பதற்கு ‘அனதா’ என்று அகராதி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வதும் தவறு. மனைவி கணவனை அழைக்க வழங்கும் அச்சொல், மேலதிகாரியிடம் சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடும். பெயருடன் ‘சான்’ சேர்த்தோ பதவிப் பெயராலோ அழைப்பதே முறை. எது பொருந்தும் என்று தெரியாத இடத்தில் ‘தெஸ்’, ‘மஸ்’ என முடியும் பணிவு நடை ஆண், பெண் இருவருக்கும் பொது.

டோக்கியோ வழக்கை நாடு முழுவதற்கும் பொருத்திப் பார்க்கவும் கூடாது. டோக்கியோவில் குரலை உயர்த்திச் சொல்லும் ‘இகு வ’ (போகிறேன்) பெண்மையாக ஒலிக்கும். ஒசாகாவில் அதையே குரலைத் தாழ்த்தி ஆண்களும் சொல்கிறார்கள். வடகிழக்கு ஜப்பானின் தோஹொக்கு வட்டாரக் கிராமங்களில் தம்மை ‘ஒரே’ என்று சொல்லிக்கொள்ளும் பாட்டிமார்களும் உண்டு.