வகுப்பறையில் சமத்துவம்: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேள்வி கேட்டதும் யார் கை முதலில் உயர்கிறதோ அவரையே எழுப்புவது. ஆசிரியராக நான் பல ஆண்டுகள் செய்த தவறு இது. பாடம் வேகமாக நகரும், வகுப்பும் கலகலப்பாக இருக்கும். ஒரு வாரம் பதில் சொன்னவர்களின் பெயர்களைத் தாளில் குறித்துப் பார்த்தேன். அதே ஐந்தாறு பெயர்கள். மற்ற பிள்ளைகள் அந்த வாரம் முழுக்க என் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் இதை அளந்து பார்த்திருக்கிறார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு நீட்டியதும் பதில்கள் நீண்டன, அதிகம் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். என்னை உறுத்துவது அவர் கண்ட இன்னொரு விஷயம்: நன்றாகப் படிப்பவர்கள் என்று நினைத்த பிள்ளைகளுக்கே ஆசிரியர்கள் கூடுதலாகக் காத்திருந்தார்கள். யோசிக்க நேரம் வேண்டியவருக்கு அது குறைவாகக் கிடைத்தது. கேள்விக்குப் பின் மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள். முதலில் சங்கடமாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

அடுத்தது, 'இவனுக்கு இவ்வளவுதான் வரும்' என்று முடிவு கட்டுவது. 1968-இல் உளவியலாளர் ராபர்ட் ரோசென்தாலும் பள்ளித் தலைமையாசிரியர் லெனோர் ஜேக்கப்சனும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குலுக்கல் முறையில் சில பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, இவர்கள் இந்த ஆண்டு நன்றாக முன்னேறுவார்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். கீழ் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே மற்றவர்களைவிட முன்னேறினார்கள். அந்த விளைவு எவ்வளவு பெரியது என்பது பற்றிப் பின்னாளில் நிறைய விவாதம் நடந்தது, சரி. ஆனால் நம் எதிர்பார்ப்பு முகத்திலும் குரலிலும் தெரிகிறது, பிள்ளைகள் அதைப் படித்துவிடுகிறார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பாராட்டிலும் கவனம் வேண்டும். 'நீ புத்திசாலி' என்று கேட்டுப் பழகிய பிள்ளை, கடினமான கணக்கு வந்தால் அந்தப் பெயர் போய்விடுமோ என்று பயப்படும். 'இந்த இடத்தில் வழியை மாற்றிப் பார்த்தாயே' என்று செய்ததைச் சுட்டிச் சொல்லுங்கள். ஊக்கம் என்றால் சாதனையாளர் கதை சொல்வது என்று நினைப்பதும் தவறுதான். கதை தந்த சூடு மறுநாளே ஆறிவிடும். நேற்று வராதது இன்று தனக்கு வந்தது என்று பிள்ளையே உணர்ந்தால் அந்த ஊக்கம் நிலைக்கும்.

எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தினால் அதுவே சமத்துவம் என்றும் நம்பியிருந்தேன். ஒரு மாணவி தொடர்ந்து வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தாள். விதி எல்லோருக்கும் ஒன்று என்று அவளையும் நிற்க வைத்தேன். என்ன காரணம் என்று தனியாகக் கேட்கப் பல வாரங்கள் ஆயின. பள்ளி விட்டதும் தம்பியைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அவள் படிக்க உட்காருவதற்குள் வீட்டில் எல்லோரும் படுத்துவிடுவார்கள். மதிய இடைவேளையில் வகுப்பறையிலேயே எழுதிக்கொள் என்றேன். அப்புறம் அவள் ஒரு நாளும் விடவில்லை. சில நாட்களில் இன்னும் மூன்று பேர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களிடமும் நான் அதுவரை காரணம் கேட்டதில்லை.