27 கோடுகளில் 9 எங்கே போயின?

முனையோ மடிப்போ இல்லாத முப்படிப் பரப்பில் (மூன்றாம் படிச் சமன்பாடு தரும் பரப்பு), கலப்பெண்களையும் சேர்த்தால், சரியாக 27 நேர்கோடுகள் உண்டு. 1849-இல் கணிதவியலாளர்கள் கெய்லியும் சால்மனும் காட்டியது. நான்கு மாறிகளின் முப்படிகளைக் கூட்டினால் சுழி என்பதுதான் ஃபெர்மா பரப்பு. அதன் கோடுகளைத் தேட ஹோமோடோபி முறையை ஓட்டினேன்: விடை தெரிந்த எளிய சமன்பாடுகளை மெல்ல மெல்ல நமக்கு வேண்டியவையாக மாற்றி, ஒவ்வொரு விடையும் நகரும் பாதையைத் தொடர்வது. 81 பாதைகளில் 63 முடிவிலிக்கு ஓடின, கிடைத்தவை 18. படிநீளத்தைக் குறைத்தேன், பிழை வரம்பை இறுக்கினேன், தசம இலக்கங்களைக் கூட்டினேன். மூன்று நாளும் அதே 18.

சரி என்று கோடுகளை அச்சிட்டுப் பார்த்தேன். முதல் மாறியை இரண்டாவதன் மடங்காகக் கட்டிப்போடும் கோடு ஒன்றுகூட இல்லை. காணாமல் போன 9-உம் அந்த வகைதான். மூன்றாவது, நான்காவது மாறிகளை முதல் இரண்டின் வழியாக எழுதியது நான். அந்த வடிவில் முதல் இரண்டும் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும்; அதனால் இவை அதில் அடங்காது. நிரல் மேல் தப்பே இல்லை!

மாறிகளைத் தற்செயலான 4×4 அணியால் மாற்றி மறுபடி ஓட்டினேன். முடிவிலிக்கு 54, கையில் 27. அப்பாடா.