மலையில் முதியோர் இல்லம் பார்க்க வருகிறவர்களுக்கு

விடுமுறைக்கு ஊர் வருகிறவர்களில் பலர் இப்போது கோயில், கல்யாணம், நிலப் பத்திரம் என்ற வேலைகளோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். தனியாக இருக்கும் அம்மாவுக்கோ, படுக்கையில் விழுந்துவிட்ட பெரியப்பாவுக்கோ ஒரு நல்ல இல்லம் பார்க்க வேண்டும். வெயில் இல்லை, காற்று நன்றாக இருக்கும் என்று நீலகிரியையும் கொடைக்கானலையும் மனதில் வைத்து வருகிறவர்கள் நிறையப் பேர். நான் குன்னூர்க்காரன். என் சித்தி கோத்தகிரிப் பக்கம் ஓர் இல்லத்தில் இருக்கிறார். தெரிந்தவர்களுக்காக வேறு சில இல்லங்களுக்கும் கூடப் போயிருக்கிறேன். நீங்கள் விமானம் ஏறிய பிறகு, மழையும் குளிருமான ஓர் இரவில் அங்கே என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் மலையிறங்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

இல்லம் பார்க்கும் முன், மலை அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பாருங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100, குன்னூர் 1,850. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. நமக்கு அது தெரியாது. நாள்பட்ட நுரையீரல் நோயோ இதயச் செயலிழப்போ உள்ளவருக்கு மாடிப்படி ஏறும்போதே தெரிந்துவிடும். குளிரில் ரத்த அழுத்தமும் கூடும். அவரைப் பார்க்கும் டாக்டரிடம் ஊரின் பெயரையும் உயரத்தையும் சொல்லிக் கேளுங்கள். பணம் கட்டும் முன் இரண்டு வாரம் சோதனையாகத் தங்க வைக்க இல்லம் சம்மதிக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஏப்ரல், மே சீசனில் வந்து பார்ப்பதில் பெரிய பயனில்லை. அப்போது எந்த இல்லமும் பளிச்சென்று இருக்கும். முடிந்தால் ஜூலையில் வாருங்கள், அல்லது நவம்பர், டிசம்பரில். காரில் வந்தால் இ-பாஸ், அதாவது இணையத்தில் பதிந்து வாங்கும் நுழைவு அனுமதி, எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டுப் போன் எண் வைத்திருப்பவர்கள் மின்னஞ்சல் வழியாகப் பதியலாம். அரசுப் பேருந்தில் வந்தால் பாஸ் தேவையில்லை.

அடுத்தது மருத்துவமனைத் தூரம். இதை அவர்கள் வாயால் கேட்டுத் திருப்தி அடையாமல், இல்லத்தின் வாசலிலிருந்து நீங்களே ஒருமுறை வண்டியில் போய்ப் பாருங்கள். குன்னூரில் அரசு லாலி மருத்துவமனை இருக்கிறது, ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் போனால் பெரும்பாலும் கோயம்புத்தூர்தான். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்க 14 கொண்டை ஊசி வளைவுகள். பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கண்டுபிடிக்கும் நேரம், ஸ்கேன் எடுக்கும் நேரம் எல்லாம் அதற்குள்தான் அடக்கம். இரவு இரண்டு மணிக்கு யார் முடிவெடுப்பார், 108 வரத் தாமதமானால் எந்த வண்டி, ஓட்டுநர் அங்கேயே தங்குகிறாரா? வடகிழக்குப் பருவமழையில் குன்னூர்ச் சாலையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகப் போவீர்களா? 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவை உள்ளூர்க்காரர் யாரும் மறக்கவில்லை. ஒழுங்கான இல்லத்தில் இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் வரும். கொடைக்கானலில் இதே கேள்வியை வத்தலகுண்டு சாலையையும் பழனி சாலையையும் வைத்துக் கேளுங்கள்.

சரி, உள்ளே போவோம்.

முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஒருமுறை, சொல்லாமல் ஒருமுறை என்று இரண்டு தடவையாவது போங்கள். சொல்லாமல் போவதைச் சாப்பாட்டு நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சித்தியின் இல்லத்தில் நான் முதலில் கவனித்தது ஓர் ஆயாம்மா ஒரு பாட்டிக்குச் சோறு ஊட்டிய விதம். முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்து நேராக உட்கார வைத்திருந்தார். குழைத்த ரசம் சாதம் பாதி ஸ்பூன். பாட்டி விழுங்கியதைத் தொண்டையைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, "போச்சா பாட்டி?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வாய். படுத்த வாக்கிலேயே அவசரமாக ஊட்டினால் சாப்பாடு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். ஒரு வேளைச் சாப்பாட்டைக் கூடவே நின்று பாருங்கள், அந்த இல்லத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். ஊட்டிவிட ஆள் போதவில்லை என்றால் தட்டுகள் அப்படியே திரும்பிப் போவதும் உங்கள் கண்ணில் படும். மாதா மாதம் எடை பார்த்துக் குறிக்கிறார்களா என்று கேளுங்கள். எடைதான் பொய் சொல்லாத சாட்சி.

தண்ணீரையும் கவனியுங்கள். குளிரில் வயதானவர்களுக்குத் தாகமே எடுக்காது. எழுந்து பாத்ரூம் போகச் சிரமப்பட்டே சிலர் குடிக்காமல் இருப்பார்கள். மலச்சிக்கல் வரும், சிறுநீரில் கிருமி சேரும், ஒருநாள் காலையில் திடீரென்று ஆளை அடையாளம் தெரியாமல் உளறுவார்கள். "வயசாயிடுச்சு" என்று அதை விட்டுவிடுகிற இல்லம் வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும் இடத்தில் ஃபிளாஸ்க்கும் டம்ளரும் இருக்கின்றனவா?

படுக்கையிலேயே இருப்பவர் என்றால், படுக்கைப் புண்ணைப் பற்றித்தான் அதிக நேரம் பேச வேண்டும். புண் வந்த பிறகு என்ன மருந்து போடுவீர்கள் என்று கேட்பதைவிட, வராமல் இருக்க என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். எழுதி வைத்த தாளைக் காட்டச் சொல்லுங்கள். நேற்று இரவு பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நான்கு எல்லாவற்றுக்கும் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் கையெழுத்து இருந்தால் அது காலையில் போட்டது. உங்கள் சொந்தக்காரர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார் என்றால், வெட்கப்படாமல் சாக்ஸைக் கழற்றிக் குதிகாலைப் பாருங்கள். சிஸ்டரை வைத்துக்கொண்டு இடுப்புக்குக் கீழே, வால் எலும்புப் பக்கமும் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு மறையவில்லை என்றால் அங்கே புண் தொடங்கிவிட்டது. மலையில் எல்லோரும் எப்போதும் சாக்ஸ், ஸ்வெட்டர், கம்பளியோடு இருப்பதால் இது மாதக்கணக்கில் யார் கண்ணுக்கும் படாமல் போகும்.

குளிருக்கு என்ன ஏற்பாடு என்பதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. கரியடுப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்குவது எந்த நிலையிலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கரண்ட் போனால் ஹீட்டர் எதில் ஓடும், ஆக்சிஜன் கருவி எதில் ஓடும் என்று கேட்டு, ஜெனரேட்டரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவருக்கு வெந்நீர்ப் பை வைத்தால், சுடுவது தெரியாமலே வெந்துபோகும். மழைக்கால மூட்டத்தில் சோலார் வெந்நீர் வராது. அப்போது எதில் குளிப்பாட்டுகிறார்கள்?

காலை பதினோரு மணிக்கு ஹாலில் எல்லோரும் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தால், யாருக்கு என்ன மாத்திரை கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். நாற்காலியோடு துப்பட்டாவால் கட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறை போய்வாருங்கள். வரவேற்பறையில் இருப்பவரைவிட அப்போது மாடியில் இருக்கும் சிஸ்டர்தான் முக்கியம். எத்தனை பேருக்கு எத்தனை ஆள் விழித்திருக்கிறார்கள், அவர்களில் நர்சிங் படித்தவர் யார்? படித்தவர் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிந்திருப்பார், பதிவு எண் கேட்பதில் தப்பில்லை. "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்கம்மா?" என்று ஆயாம்மாக்களிடம் சாதாரணமாகப் பேசிப் பாருங்கள். யாருமே ஆறு மாதம் தாண்டவில்லை என்றால் சம்பளத்திலோ நிர்வாகத்திலோ கோளாறு. இருட்டில் வாசல் வரை நடந்தும் பாருங்கள். கோத்தகிரி, குன்னூர்த் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய இல்லங்களுக்குக் காட்டெருமையும் கரடியும் வரும். வேலியும் விளக்கும் சரியாக இருக்க வேண்டும். ஈரமான கல் படிகளில் கைப்பிடி இருக்க வேண்டும்.

இல்லத்தின் பதிவுச் சான்றிதழை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் சரிபார்க்கலாம். ஒப்பந்தத்தில் முன்பணம் எப்போது திரும்ப வரும், டயப்பருக்கும் ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் இருப்பதற்கும் தனிக் கட்டணமா என்பதைப் படியுங்கள். சொத்தை எழுதிக் கொடுக்கச் சொல்கிற இடம் வேண்டவே வேண்டாம். மாதக் கட்டணம் ஒன்று, நன்கொடை வேறு. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள், ஓ.சி.ஐ. (இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தாலும், ஓர் அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுத்தால் அது வெளிநாட்டு நிதியாகவே கருதப்படும், இல்லத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு, அதாவது வெளிநாட்டு நிதி வாங்குவதற்கான பதிவு, இருக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை செய்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பதற்கு அந்தச் சிக்கல் இல்லை. எல்லாவற்றுக்கும் ரசீது வாங்குங்கள்.

கேட்கக் கூச்சமாக இருந்தாலும் ஒன்றைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அங்கேயே இறந்துவிட்டால் என்ன செய்வார்கள்? இறப்பைச் சான்றளிக்கும் டாக்டர் யார், நீங்கள் வந்து சேரும் வரை ஐஸ் பெட்டிக்கு ஏற்பாடு உண்டா, கடைசிக் காலத்தில் ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோக வேண்டுமா வேண்டாமா என்று பெரியவரே சொன்ன விருப்பம் எங்கே எழுதி வைக்கப்படும்? இதையெல்லாம் அவரோடும் ஒருநாள் உட்கார்ந்து பேசுங்கள். எங்கள் சித்தி நாங்கள் தயங்கியதைப் பார்த்து, தானே சொல்லி எழுத வைத்தார்.

கிளம்பும் முன், ஒரு மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய தூரத்தில் ஒருவரை, தம்பி மகனோ பழைய பக்கத்து வீட்டுக்காரரோ, உங்கள் சார்பில் எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்து நியமியுங்கள். வாட்ஸ்அப் வீடியோவில் பேசும்போது வார்டன் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது, பெரியவர் தனியாகப் பேச வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். முதியோர் உதவி எண் 14567-ஐ அவருடைய போனிலும் நீங்கள் நியமித்தவரின் போனிலும் பதிந்து வையுங்கள். பிள்ளைகள் பெற்றோரைப் பராமரிக்கவில்லை என்ற புகார்களுக்கு 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் நிலையில் தீர்ப்பாயம் இருக்கிறது. இல்லத்தின் மேல் புகார் என்றால் மாவட்டச் சமூக நல அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.