முன்பக்க ஃபோர்க்கை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் வழியில் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது, முன் பிரேக்கைத் தொட்டவுடன் வண்டி முகம் குப்புற விழுவதுபோல் அமுங்கினால், ஃபோர்க்கின் (பைக்கின் முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கி அதிர்வை உள்வாங்கும் குழாய்களின்) உள்ளே இருக்கும் ஆயில் குறைந்திருக்கலாம் அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். பளபளப்பான உள்குழாயில் எண்ணெய் வளையம் படிந்திருந்தால், ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் கிழிந்திருக்கிறது என்று பொருள். இவ்விரண்டு குறைகளுக்கும் சீலையும் ஆயிலையும், தேவையானால் ஸ்பிரிங்கையும் மாற்றினாலே பெரும்பாலும் போதும். குழாய் வளைந்திருந்தாலோ, அதன் மேற்பூச்சு துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தாலோதான் ஃபோர்க்கையே மாற்ற வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதே மாடலுக்குரிய ஃபோர்க்கையே வாங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 30 மி.மீ. குழாய்க்காகச் செய்யப்பட்ட பிடிப்பில் 37 மி.மீ. குழாய் நுழையாது, அதற்காக ஹேண்டில் டி (குழாய்களைக் கவ்வும் மேல், கீழ்ப் பிடிப்புகள்), ஆக்சில் (சக்கரத்தின் அச்சு), சக்கரம், பிரேக் என ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கும். மேலும், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை செய்கிறது.

வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து, முன்சக்கரம் தரையை விட்டு எழும்படி பின் கேரியரில் பாரம் ஏற்றவும். நான் அரை மூட்டை கேழ்வரகை வைத்துக் கட்டுவது வழக்கம். எங்கள் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. வண்டி ஆடுகிறதா என்று இருபுறமும் தள்ளிப் பார்த்த பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

இந்த வேலையில் தவறு நேர்வது பெரும்பாலும் கழற்றும் வரிசையில்தான். பழைய ஃபோர்க்கைப் பிரித்துப் பார்க்கும் எண்ணம் இருந்தால், குழாய் இன்னும் வண்டியில் இறுகப் பிடித்திருக்கும்போதே அதன் மேல்மூடியைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும். முதல் முறை நான் இதை மறந்து, வெளியே எடுத்த குழாயை முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு ஒரு மாலை முழுவதும் மூடியோடு போராடி, கடைசியில் குழாயை மறுபடியும் வண்டியில் மாட்டித்தான் அதைத் திறந்தேன். மேல் பிடிப்பின் போல்ட்டை முதலில் தளர்த்திவிட்டு, கீழ்ப்பிடிப்பு குழாயைக் கவ்விக்கொண்டிருக்கும் நிலையில் மூடியைத் திருப்பினால் எளிதில் அசைந்துகொடுக்கும். மூடியின் கீழே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருப்பதால், முழுவதும் கழற்றும்போது முகத்தை விலக்கி, துணியால் மூடிப் பிடித்துக்கொள்ளவும்.

அதன்பின் டிஸ்க் பிரேக் காலிப்பரை (பேடுகளால் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பகுதியை) கழற்றி, பிரேக் ஹோஸில் எடை விழாதபடி கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, பேடுகளுக்கு நடுவில் சிறு மரத்துண்டைச் செருகவும். இந்த நிலையில் யாரும் பிரேக் லீவரைப் பிடித்துவிடக் கூடாது. ஸ்பீடோமீட்டர் கேபிள், ஏபிஎஸ் இருந்தால் அதன் சென்சார் வயர், ஆக்சில், சக்கரம், மட்கார்டு ஆகியவை அடுத்தடுத்து வரும். ஆக்சிலில் எந்தப் பக்கம் எந்த வாஷர் இருந்தது என்பதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளவும்.

கீழ்ப்பிடிப்பைத் தளர்த்துவதற்கு முன், மேல் பிடிப்புக்கு மேலே குழாய் எத்தனை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புதிய குழாய்கள் இரண்டும் அதே அளவில் நிற்க வேண்டும். ஏறி இறங்கி இருந்தால் ஆக்சில் நேராக நுழையாது, நுழைந்தாலும் ஃபோர்க் தடையின்றி மேலும் கீழும் ஓடாது. குழாயைக் கையால் இலேசாகத் திருப்பித் திருப்பி இழுத்தால் கீழே இறங்கிவிடும்.

புதிய ஃபோர்க்கில் ஆயில் ஊற்றப்பட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளவும். ஊற்ற வேண்டியிருந்தால், வண்டியின் கையேட்டில் குறிப்பிட்டுள்ள தரத்தையும் மில்லிலிட்டர் அளவையும் அப்படியே பின்பற்றி, காற்று வெளியேறும்வரை குழாயை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, இரு பக்கத்திலும் ஆயில் மட்டம் ஒன்றாக இருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊற்றும்போது ஒரு சொட்டுகூட டிஸ்க்கில் படக் கூடாது.

மாட்டும்போது முதலில் கீழ்ப்பிடிப்பை இறுக்கி, மேல்மூடியை முடுக்கிவிட்டு, பிறகு மேல் பிடிப்பை இறுக்கவும். சக்கரத்தையும் காலிப்பரையும் மாட்டி, ஆக்சில் நட்டை முடுக்கிய பின், ஃபோர்க்கின் அடியில் ஆக்சிலைக் கவ்வும் போல்ட் இருந்தால் அதை மட்டும் உடனே இறுக்காமல், வண்டியைத் தரையில் இறக்கி ஹேண்டில்பாரை ஐந்தாறு முறை அழுத்தி விட்டுப் பிறகு இறுக்கினால், இரு குழாய்களும் தமக்குரிய இடைவெளியில் அமர்ந்துவிடும். முடுக்கும் அளவுகள் கையேட்டில் இருக்கும். டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு முடுக்க உதவும் ஸ்பேனர்) இல்லாதவர்கள் இறுதி முடுக்கத்தை மட்டுமாவது மெக்கானிக்கிடம் செய்துகொள்வது நல்லது.

பிரேக் லீவர் கெட்டியாகும்வரை பலமுறை பிடித்து விடவும். ஹேண்டிலை இரு ஓரத்துக்கும் திருப்பி, கேபிள்கள் எங்கும் இழுபடவில்லை என்பதைப் பாருங்கள். முதல் ஓட்டத்தைத் தெருவுக்குள்ளேயே, இருபது கிலோமீட்டர் வேகத்துக்குள் வைத்துக்கொண்டு, திரும்பி வந்து எல்லா போல்ட்டுகளையும் மறுபடி சோதிக்கவும். இரண்டு மூன்று நாள் ஓடிய பிறகும் உள்குழாய் உலர்ந்தே இருந்தால், ஒகேனக்கல் மலைப்பாதைக்கு வண்டியைத் தயங்காமல் எடுத்துச் செல்லலாம்.