புயல் நாளுக்கு ஹைட்ரஜன் கரண்ட்: சென்னை வீட்டுக்குச் செய்முறை விளக்கம்

"ஹைட்ரஜன்ல வீட்டையே ஓட்டலாமாமே, ஈபி பில்லே வராதாமே?" என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டலாம். ஆனால் பில் குறையாது.

ஜப்பானில் 2009 முதல் 'எனெ-ஃபார்ம்' என்ற பெயரில் வீட்டு எரிபொருள் கலங்கள் விற்பனையாகின்றன. குழாயில் வரும் எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து மின்சாரமும் வெந்நீரும் தருபவை அவை. குளிர் ஊரில் வெந்நீருக்கு மதிப்பு உண்டு. நமக்கோ மே மாதம் தொட்டிக் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான். ஜெர்மனியில் கோடை வெயிலை ஹைட்ரஜனாக்கிக் குளிர்காலத்துக்குச் சேமிக்கிறார்கள். சென்னையில் அப்படிச் சேமிக்க வேண்டிய குளிர்காலமே இல்லை. பகல் வெயிலை ராத்திரிக்கு எடுத்துவைக்க லித்தியம் பேட்டரி போதும், செலவும் குறைவு.

ஹைட்ரஜனுக்கு நம் ஊரில் வேலை இருப்பது ஒரு சந்தர்ப்பத்தில்தான். 2016 டிசம்பரில் வந்த வர்தா, 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் மாதிரி ஒரு புயல் அடிக்கிறது. நாள் கணக்கில் கரண்ட் இல்லை, வானம் மூடிக்கிடப்பதால் மாடி சோலாரும் படுத்துவிடுகிறது. அந்த மூன்று நாளைச் சமாளிக்கத்தான் இந்த விளக்கம்.

படி 1: உள்ளே என்ன நடக்கிறது

எரிபொருள் கலத்தில் எதுவும் எரிவதில்லை. மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் சாதாரணக் காற்று. பிளாட்டினம் பூச்சில் ஹைட்ரஜன் பிரிகிறது. புரோட்டான் சவ்வு வழியாகப் போகிறது, எலக்ட்ரான் ஒயர் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. அந்தச் சுற்றுதான் நமக்குக் கரண்ட். மறுபக்கத்தில் எல்லாம் சேர்ந்து தண்ணீராகிவிடும். வில்லியம் குரோவ் 1839-இலேயே இந்தத் தத்துவத்தைக் காட்டிவிட்டார்.

லோடு கொடுத்தால் ஒரு கலம் 0.6 முதல் 0.7 வோல்ட் தரும். அதனால் பல கலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். அதன் பெயர் ஸ்டாக். ஹைட்ரஜனில் இருக்கும் ஆற்றலில் சுமார் பாதி கரண்டாகும், மீதி வெப்பம். 500 வாட் ஸ்டாக் ஓடினால் ஏறக்குறைய இன்னொரு 500 வாட் சூடும் கூடவே வரும்.

படி 2: மேஜை மேல் ஒரு சிறிய கிட்

வீட்டுக்கு எதையும் வாங்கும் முன் பள்ளி அறிவியல் கிட் ஒன்று வாங்குங்கள். ரிவர்சிபிள் ஃப்யூயல் செல் (கரண்ட் கொடுத்தால் தண்ணீரைப் பிரிக்கும், பிறகு அந்த வாயுவிலிருந்தே கரண்ட் தரும் எரிபொருள் கலம்) என்று கேட்டால் ஆன்லைனில் கிடைக்கும். சிரிஞ்சால் டிஸ்டில்டு வாட்டரை ஏற்றி, கிட்டோடு வரும் சின்ன சோலார் பேனலை இணைத்து வெயிலில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு குழாயிலும் குமிழி ஏறும். ஒரு குழாயில் சேரும் வாயு மற்றதைப் போல இரண்டு மடங்கு இருக்கும். அதுதான் ஹைட்ரஜன். இனி பேனலைக் கழற்றிவிட்டுக் கிட்டிலுள்ள குட்டி ஃபேனை மாட்டுங்கள், சுற்றும். மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்: ஃபேனை மாட்டியதும் வோல்ட் சட்டென்று இறங்கி ஓரிடத்தில் நிற்கும். பெரிய ஸ்டாக்கும் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

மெட்ரோ வாட்டர், போர் தண்ணீர், கேன் தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள். அதிலுள்ள உப்பும் உலோகமும் சவ்வைப் பாழாக்கிவிடும்.

எவர்சில்வர் தட்டு, உப்புத் தண்ணீர், கார் பேட்டரி வைத்து 'வீட்டிலேயே ஹைட்ரஜன்' என்று வரும் வீடியோக்களின் பக்கமே போக வேண்டாம். அதில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்தே வெளிவரும், சின்னப் பொறி பட்டாலும் வெடிக்கும். உப்பு போட்டதால் குளோரின் வேறு.

படி 3: எதெல்லாம் ஓட வேண்டும்?

ஏசி, கீசர், இண்டக்‌ஷன் மூன்றையும் இப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். புயல் நாளுக்கு ஒரு சென்னை வீட்டுக் கணக்கு இப்படி வரும்: 30 வாட் பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை) மூன்று, 12 மணி நேரம், சுமார் 1.1 யூனிட். 9 வாட் எல்இடி ஐந்து, 6 மணி நேரம், 0.3. வைஃபை ரூட்டர் நாள் முழுக்க 0.25. ஃபிரிட்ஜ் 1. போன் சார்ஜுக்கு 0.2. சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்ற ஒரு எச்பி மோட்டார் இருபது நிமிடம், இன்னொரு 0.25. ஆக நாளைக்கு 3 யூனிட், மூன்று நாளுக்கு 9.

வீட்டில் பழைய 75 வாட் ஃபேன் இருந்தால் முதல் செலவு அதை மாற்றுவதுதான். ஹைட்ரஜனில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் காசு.

படி 4: சிலிண்டர் கணக்கு

ஒரு கிலோ ஹைட்ரஜனில் 33 யூனிட் ஆற்றல் இருக்கிறது. பாதி போனால் 16 சொச்சம். கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் ஆளுயரத் தொழிற்சாலை சிலிண்டரில், 150 பார் அழுத்தத்தில் அடைத்தும், இருப்பது 7 கன மீட்டர், அதாவது சுமார் 600 கிராம்தான். அதைச் சுமக்கும் இரும்பு ஐம்பது கிலோவுக்கு மேல்! 600 கிராமில் பத்து யூனிட் கிடைக்கும், இன்வெர்ட்டர் நஷ்டம் போனால் 9. நம் மூன்று நாள் கணக்குக்குச் சரியாக ஒரு சிலிண்டர். கையில் இரண்டு இருந்தால் நிம்மதி.

வாங்கும்போது சுத்தத்தைக் கேளுங்கள். 99.97 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கார்பன் மோனாக்சைடும் கந்தகமும் துளி இருந்தாலும் பிளாட்டினம் கெட்டுவிடும்.

மாடி சோலாரில் நாமே தயாரித்தால் என்ன? ஒரு கிலோவுக்கு 50 முதல் 55 யூனிட் கரண்ட் வேண்டும், குறைந்தது 9 லிட்டர் சுத்தத் தண்ணீர் வேண்டும். பத்து யூனிட் போட்டால் திரும்பி வருவது மூன்று. லித்தியத்தில் எட்டு, ஒன்பது வரும். தயாரித்ததை 150 பாருக்கு அழுத்த கம்ப்ரஸர் தனி. வீட்டில் சிலிண்டர் நிரப்புவதற்கு உரிமமும் வேண்டும். ஆரம்பக்காரர் இந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

படி 5: நடுவில் பேட்டரி

பெரும்பாலானவர்கள் மோட்டார் ஸ்டார்ட் ஆக இழுக்கும் கரண்டைப் பார்த்துவிட்டு 5 கிலோவாட் ஸ்டாக்குக்கு விலை கேட்கிறார்கள், கேட்டதும் திட்டத்தையே கைவிடுகிறார்கள். அவ்வளவு பெரிது தேவையே இல்லை. நாளைக்கு 3 யூனிட் என்றால் சராசரி லோடு வெறும் 125 வாட். 500 வாட் ஸ்டாக் ஒன்று தினம் ஆறேழு மணி நேரம் ஓடினால் போதும்.

ஸ்டாக்கை நேராக வீட்டு லோடில் மாட்டாதீர்கள். அதைச் சார்ஜராக நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாக்கிலிருந்து டிசி-டிசி கன்வெர்ட்டர், அங்கிருந்து பேட்டரி, பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர். உதாரணமாக 24 கலம் அடுக்கிய ஸ்டாக் முழு லோடில் சுமார் 14.4 வோல்ட்தான் தரும், லோடு குறைந்தால் இருபதையும் தாண்டும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கன்வெர்ட்டர்தான் பேட்டரிக்குத் தோதாக மாற்றும். மோட்டாரும் ஃபிரிட்ஜும் ஸ்டார்ட் ஆகும்போது வரும் திடீர் இழுப்பைப் பேட்டரி தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பேட்டரி அளவு பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஈபி லைனுக்கும் இதற்கும் நடுவில் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் கட்டாயம். புயல் முடிந்து கம்பத்தில் ஏறும் லைன்மேனுக்கு உங்கள் வீட்டுக் கரண்ட் போய்ச் சேரக் கூடாது. இந்த ஒயரிங்கை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

படி 6: எங்கே வைப்பது

மொட்டை மாடி. வேறு இடமே வேண்டாம்.

சமையல் காஸ் கசிந்தால் தரையில் தேங்கும், நாற்றமும் காட்டிக்கொடுக்கும். ஹைட்ரஜனுக்கு நிறமோ மணமோ கிடையாது. சமையல் காஸில் சேர்ப்பது போல நாற்றப் பொருள் சேர்க்கலாம் என்றால், அதிலுள்ள கந்தகம் ஸ்டாக்கைக் கெடுத்துவிடும். காற்றைவிடப் பதினான்கு மடங்கு இலேசு என்பதால் நேரே மேலே ஏறும். மேலே கூரை இருந்தால் அங்கே சேரும். காற்றில் 4 சதவீதம் முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் தீப்பிடிக்கும். தீப்பிழம்பு பகலில் கண்ணுக்கே தெரியாது. ஆகவே மாடிப்படி அறை, லிஃப்ட் மெஷின் ரூம், கீழே கார் பார்க்கிங், பால்கனி எதுவும் ஆகாது. இதுபோக, ஸ்டாக் ஓடும்போது உள்ளே சேரும் ஈரத்தைத் தள்ள ஒரு வால்வு அவ்வப்போது 'டிக்' என்று திறந்து கொஞ்சம் ஹைட்ரஜனை வெளியே விடும். அதற்கும் திறந்த வெளிதான் வேண்டும்.

வெயில் நேரடியாகப் படாமல் மேலே தகடு போடலாம், ஆனால் சாய்வாக, நாலு பக்கமும் திறந்தபடி. ஹைட்ரஜன் டிடெக்டரைத் தகட்டின் உயரமான மூலையில் மாட்டுங்கள். சிலிண்டரை நிமிர்த்தி, சுவரோடு சங்கிலியால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். வர்தா காற்று மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டியது. அந்தக் காற்றைத் தாங்குமா என்று யோசித்துக் கட்டுங்கள். ரெகுலேட்டர் இடது திருகாக இருக்கும், வலுக்கட்டாயமாக வலது பக்கம் முறுக்காதீர்கள். அடுப்பு ரப்பர் டியூப் கூடவே கூடாது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்தான். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலோரம் இருப்பவர்கள் ஸ்டாக்குக்குப் போகும் காற்றுக்கு நல்ல ஃபில்டர் போட வேண்டும். உப்புக் காற்றிலுள்ள குளோரைடு பிளாட்டினத்துக்கு ஆகாது.

படி 7: அனுமதி

இந்தச் சிலிண்டர் 'வாயு சிலிண்டர் விதிகள், 2016' என்ற சட்ட விதிகளின் கீழ் வருகிறது. விற்பனையாளரிடம் பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) விதிகளைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அபார்ட்மெண்ட் என்றால் அசோசியேஷன் சம்மதம் இல்லாமல் சிலிண்டரை மாடிக்கு ஏற்றாதீர்கள். வீட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரியப்படுத்துங்கள்.

தொழில்நுட்பத்தை நேரில் தெரிந்துகொள்ள வெளியூர் போக வேண்டியதில்லை. ஏஆர்சிஐ என்ற மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனத்தின் எரிபொருள் கல மையம் தரமணி ஐஐடி மெட்ராஸ் ரிசர்ச் பார்க்கில் இருக்கிறது. ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்ததும் நம் பெரம்பூர் ஐசிஎஃப்தான்.

படி 8: சும்மா வைக்காதீர்கள்

பயன்படுத்தாமல் கிடந்தால் சவ்வு காய்ந்து ஸ்டாக்கின் சக்தி குறைந்துவிடும். மாதம் ஒரு முறை கால் மணி நேரம் ஓட்டுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பர் கடைசியில், ஈபி மெயினை அணைத்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்க இதிலேயே வீட்டை நடத்திப் பாருங்கள். அப்போது ரெகுலேட்டர் முள் எவ்வளவு இறங்குகிறது என்பதிலிருந்து சிலிண்டர் எத்தனை நாள் வரும் என்று தெரிந்துவிடும்.

கசிவு இருக்கிறதா என்று முள்ளைப் பார்த்துச் சொல்ல, வால்வை மூடிவைத்த நாட்களில் தினமும் ஒரே நேரத்தில், முடிந்தால் விடிகாலையில், அளவைக் குறித்துவையுங்கள். மதியச் சூட்டில் முள் தானாகவே ஏழெட்டு பார் ஏறி நிற்கும்; மதியம் பார்த்ததை மறுநாள் காலையோடு ஒப்பிட்டுவிட்டுக் கசிவு என்று பதற வேண்டாம்.