அப்பா–மகன் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் எழுதுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

காமிக்ஸ் எழுத ஆசைப்படும் நண்பர்கள் தங்கள் கதைகளை என்னிடம் படிக்கத் தருவதுண்டு. பிரிந்துபோன அப்பாவும் மகனும் மறுபடி சேரும் சூப்பர் ஹீரோ கதை அதில் ஒன்றாவது இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த கரு அது. ஆனால் பெரும்பாலோர் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். கடைசிச் சண்டையில் அப்பா மகனுக்காக உயிரைக் கொடுப்பார், மகன் கண்ணீரோடு மன்னிப்பான், முடிந்தது கதை. சூப்பர் ஹீரோவுக்கு உயிரைப் பணயம் வைப்பது அன்றாட வேலை. முன்பின் தெரியாதவர்களுக்காகவும் அவர் அதைச் செய்வார். மகனுக்கென்று தனியாக என்ன செய்தார்?

ராபர்ட் கிர்க்மன் எழுதி, 2003 முதல் 2018 வரை 144 இதழ்கள் வந்த 'இன்வின்சிபிள்' தொடரைப் பாருங்கள். மார்க் என்ற பையனின் அப்பா நோலன், பூமியின் மிகப் பெரிய காவலர். உண்மையில் தன் வேற்றுக்கிரகப் பேரரசுக்காகப் பூமியைப் பிடிக்க வந்தவர். அது தெரிந்து மகன் எதிர்த்து நிற்க, 12ஆம் இதழில் அவனை அடித்துக் குற்றுயிராக்குகிறார். நெடுங்காலம் வாழும் இனம் அவர்களுடையது. ஐந்நூறு வருடம் கழித்து உனக்கென்று என்ன மிஞ்சும் என்று கத்துகிறார். நீங்கள் இருப்பீர்களே அப்பா என்கிறான் அவன். ஓங்கிய கை அதோடு நிற்கிறது. நோலன் அழுதுகொண்டே பூமியை விட்டுப் பறந்துவிடுகிறார்.

நம்மில் பலர் கதையை அங்கேயே முடித்திருப்போம். கிர்க்மன் முடிக்கவில்லை. பல இதழ்கள் கழித்து வேறொரு கிரகத்தில் அப்பாவைப் பார்க்கிறான் மார்க். அங்கே அவருக்குப் புது மனைவி, ஒரு கைக்குழந்தை. அவனுக்குக் கோபம் தலைக்கேறுகிறது. ஏறாமல் இருக்குமா? ஆனாலும் அப்பாவைத் தேடி அவருடைய இனத்தாரே வரும்போது, அந்தக் கோபத்தோடேயே அவர் பக்கம் நின்று சண்டை போடுகிறான். நண்பர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: மன்னிப்பை ஒரே பக்கத்தில் வாங்கிவிடாதீர்கள். மகன் பாதி மன்னித்த நிலையிலேயே நிறைய இதழ்கள் ஓடட்டும்.

அம்மாவை மறப்பது இன்னொரு தவறு. நோலன் விட்டுப்போன பிறகு அவர் மனைவி டெபி உடைந்துபோவது இத்தொடரில் நமக்குத் தெரிகிறது. அந்த இன்னொரு குழந்தையையும் கடைசியில் அவர்தான் வளர்க்கிறார். அப்பா திரும்பி வருகிறார் என்றால் மகனிடம் மட்டுமா திரும்பி வருகிறார்?

அப்புறம் வசனம். மனத்தில் இருப்பதை எல்லாம் வசன பலூனில் கொட்டிவிடுவார்கள். "நீங்கள் என்னோடு இருந்ததே இல்லை, அப்பா" என்று எந்த மகன் அவ்வளவு தெளிவாகப் பேசுகிறான்? பீட்டர் தொமாசி எழுத, பேட்ரிக் கிளீசன் வரைந்த 'பேட்மேன் அண்ட் ராபின்' 18ஆம் இதழ் 2013இல் வந்தது. ராபினாக இருந்த மகன் டேமியனைப் பறிகொடுத்த புரூஸ் வேய்னின், அதாவது பேட்மேனின், ஓர் இரவு. உரையாடலே கிடையாது. மகன் எழுதிவைத்த ஒரு கடிதம் மட்டும் கையில் கிடைக்கிறது. அந்த இதழை ஒருமுறை நிதானமாகப் புரட்டிவிட்டு உங்கள் வசனங்களில் பாதியை அடித்துவிடுங்கள்.

மகனுக்கு அப்பாவின் அதே சக்தி, அதே உடை என்று வைப்பது பெரிய தவறில்லை. அப்பாவுக்கு வராத ஒன்று அவனுக்கு வந்தால் போதும்.

ஆனால் காலத்தைத் தாண்டிக் குதிப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. 2016இல் தொடங்கிய சூப்பர்மேன் இதழ்களில் அவர் மகன் ஜானுக்குப் பத்து வயது. பண்ணை வீட்டில் அப்பாவிடம் சக்தியைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொண்டிருந்த பையன். 2018இல் வேறொரு எழுத்தாளர் கைக்குத் தொடர் போனதும், தாத்தாவோடு விண்வெளிக்குப் போய் வாலிபனாகத் திரும்பி வந்தான். பெற்றோருக்கு அது சில வாரங்கள்தான். வாசகர்கள் பலர் வருந்தினார்கள், நானும்தான். அவன் வளர்வதைப் பார்க்கத்தானே இதழ் இதழாகப் படித்தோம்! உங்கள் கதையில் பிரிவு பத்து வருடம் என்றால், சரி, அதைத் தாண்டிப் போங்கள். ஆனால் அப்பா வீடு திரும்பிய முதல் வாரத்தை விட்டுவிடாதீர்கள். சாப்பாட்டு மேசையில் அப்பாவின் பழைய நாற்காலியில் மகன் உட்கார்ந்திருக்க, எங்கே உட்காருவது என்று தெரியாமல் அவர் தட்டோடு நிற்கும் அந்த நிமிடத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள்.