டாக்கிங் ஸ்டேஷன் ஒழுங்காக ஓட வேண்டுமா? முதலில் உள்ளே இருக்கும் சிப்பைக் கண்டுபிடியுங்கள்

பெங்களூரு, சென்னைக் கம்பெனிகளுக்குச் சேலத்தில் இருந்தபடியே வேலை பார்ப்பவர்கள் இப்போது தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறோம். ஆளாளுக்கு ஒரு மானிட்டர், சிலருக்கு இரண்டு. அப்புறம் கீபோர்டு, மவுஸ், லேன் வயர், ஹெட்செட். இத்தனையையும் ஒரே டைப்-சி வயரில் லேப்டாப்போடு சேர்க்கிற பெட்டிதான் டாக்கிங் ஸ்டேஷன். கடையில் கேட்டால் "சும்மா சொருகினாப் போதுங்க, தானா எடுத்துக்கும்" என்பார்கள். சில டாக்குக்கு அது உண்மை, சிலதுக்கு இல்லை. கையில் இருப்பது எந்த ரகம் என்று தெரியாமலே இணையத்தில் டிரைவர் (டாக்கை லேப்டாப்புக்குப் புரிய வைக்கும் மென்பொருள்) தேடி இறக்குவதில்தான் பாதி நாள் போகிறது.

விண்டோஸ் 11-ஐ வைத்தே எழுதுகிறேன். மேக் பற்றிக் கடைசிப் பக்கம் கொஞ்சம் உண்டு.

படி 1: லேப்டாப்பின் துளையைப் பாருங்கள்

டைப்-சி துளை எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருக்கும், வேலை ஒன்றல்ல. பக்கத்தில் மின்னல் குறி இருந்தால் தண்டர்போல்ட். தண்டர்போல்ட் 3, 4 என்றால் வினாடிக்கு 40 ஜிகாபிட் வரை போகும், எந்த டாக்கும் பெரும்பாலும் ஓடும். ஆங்கில டி, பி எழுத்துகளைச் சேர்த்து வரைந்த குறி இருந்தால் டிஸ்ப்ளேபோர்ட் படம் அந்தத் துளை வழியாக வரும். குறியே இல்லையென்றால் உங்கள் மாடல் எண்ணைப் போட்டுத் தயாரிப்பாளர் தளத்தில் பாருங்கள். இரண்டு டைப்-சி துளை உள்ள சில லேப்டாப்களில் ஒன்றில் மட்டும்தான் மானிட்டர் வரும். இடப்பக்கம் வராததை வலப்பக்கம் மாற்றிச் செருகிப் பார்க்காமலே டாக்கைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

படி 2: டாக் எந்த ரகம்?

டாக் என்பது நம்மூர் தட்டுவடை செட் மாதிரி. மேலும் கீழும் தட்டை ஒன்றுதான், நடுவில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெட்டியின் மேல் உள்ள பிராண்டைப் பார்த்து டிரைவர் தேடாதீர்கள்.

முதல் ரகம், லேப்டாப்பின் கிராபிக்ஸ் படத்தை அப்படியே டைப்-சி வழியாக மானிட்டருக்குக் கடத்துவது. இதை ஆல்ட் மோடு என்பார்கள். மானிட்டருக்கென்று தனி டிரைவர் கிடையாது. இன்டெல், ஏஎம்டி, என்விடியா கிராபிக்ஸ் டிரைவர் சரியாக இருந்தால் போதும். இரண்டாவது தண்டர்போல்ட் டாக். இதற்கும் படத்துக்குத் தனி டிரைவர் வேண்டாம், ஆனால் சில லேப்டாப்களில் முதல் முறை செருகும்போது "இந்தச் சாதனத்தை அனுமதிக்கவா" என்று ஒரு பெட்டி வரும். அதில் "எப்போதும்" என்பதை அழுத்துங்கள். மூடிவிட்டால் டாக் சார்ஜ் மட்டும் போட்டுக்கொண்டு சும்மா கிடக்கும்.

மூன்றாவது ரகம்தான் டிரைவர் கேட்பது: டிஸ்ப்ளேலிங்க். திரையில் தெரிவதைப் பிராசஸரே சுருக்கி, சாதாரண யூஎஸ்பி டேட்டாவாக அனுப்பும். டாக்கில் இருக்கும் சிப் அதை விரித்துப் படமாக்கும். அதனால் பழைய அகலமான யூஎஸ்பி துளையிலும் ஓடும். டிரைவர் இல்லையென்றால் மானிட்டர் கறுப்புதான். சினாப்டிக்ஸ் என்ற சிப் கம்பெனி 2020-இல் இந்தத் தொழில்நுட்பத்தை வாங்கிவிட்டது, ஆகவே இப்போது டிரைவர் அவர்கள் தளத்தில் கிடைக்கும். எக்செல், கோடிங், மீட்டிங்குக்கு இது தாராளம். கேம் விளையாட வேண்டாம், ஃபேன் கத்தும்.

படி 3: வயர்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போனோடு வந்த டைப்-சி சார்ஜர் வயரை டாக்குக்குப் போடாதீர்கள். அதில் பெரும்பாலும் யூஎஸ்பி 2 வேகத்துக்கான கம்பிகள்தான் இருக்கும், படம் போகும் கம்பிகளே இருக்காது. சார்ஜ் ஏறும், மவுஸ் ஓடும், மானிட்டர் மட்டும் வராது. மூன்றில் இரண்டு வேலை செய்வதால் வயர் மேல் யாருக்கும் சந்தேகமே வராது, எல்லாரும் டிரைவரைத் திட்டுவார்கள். டாக்கோடு வந்த வயரையே பயன்படுத்துங்கள். 60 வாட்டுக்கு மேல் சார்ஜ் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் தாங்கும் வயர் வேண்டும். வயர் பிரிக்க முடியாமல் டாக்கோடு ஒட்டியே வரும் மாடல்கள் எனக்குப் பிடிக்காது. வயர் முனை ஆடிப்போனால் மொத்த டாக்கும் குப்பை.

படி 4: சிப்பைக் கண்டுபிடிப்பது

இங்கே கொஞ்சம் நிதானமாக வாருங்கள். என்னை அதிகம் அலைக்கழித்த இடம் இதுதான். என் டாக்கின் பெட்டியில் இருந்த பிராண்டுக்குத் தளம்கூட இல்லை, ஒரு குட்டி சிடி மட்டும் கொடுத்திருந்தார்கள். இன்றைய லேப்டாப்பில் சிடி போடும் இடம் எங்கே இருக்கிறது?

ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். டாக் செருகியிருக்கட்டும். மஞ்சள் முக்கோணத்தோடு ஏதாவது வரி தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டாலும் பரவாயில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே டாக் வயரைப் பிடுங்குங்கள். பட்டியல் ஒருமுறை துடித்துப் புதுப்பிக்கும். எந்த வரிகள் காணாமல் போகின்றனவோ அவைதான் டாக்குக்குள் இருக்கும் சாமான்கள். மறுபடி செருகி, அந்த வரியை ரைட் கிளிக் செய்து ப்ராபர்டீஸ், அதில் டீடெயில்ஸ், அதில் ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

வி, ஐ, டி என்ற மூன்று எழுத்துக்குப் பின்னால் நான்கு இலக்கம் வரும். அதுதான் சிப் செய்தவரின் அடையாளம். 17ஈ9 என்று இருந்தால் (நடுவில் இருப்பது ஆங்கில எழுத்து ஈ) டிஸ்ப்ளேலிங்க். 0பிடிஏ என்றால் ரியல்டெக். அதன் பின்னால் பிஐடி (சிப்பின் மாடல் எண்) 8153 என்று வந்தால் ஒரு ஜிகாபிட் லேன் சிப், 8156 என்றால் 2.5 ஜிகாபிட். 0பி95 என்றால் ஏசிக்ஸ் கம்பெனியின் லேன் சிப். 090சி என்றால் சிலிக்கான் மோஷன். அவர்களுடைய இன்ஸ்டன்ட்வியூ டாக் என்றால் டிரைவர் டாக்குக்குள்ளேயே இருக்கும், செருகியதும் ஒரு சின்ன டிரைவ் போலத் திறக்கும்.

இனி சிப் கம்பெனியின் தளத்துக்கு நேராகப் போங்கள். "உங்கள் எல்லா டிரைவரையும் அப்டேட் செய்கிறோம்" என்று வரும் இலவச மென்பொருள்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். ஒன்றைச் சரி செய்து மூன்றைக் கெடுக்கும்.

படி 5: போடும் வரிசை

முதலில் பயாஸ் (லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்), அடுத்து கிராபிக்ஸ் டிரைவர். இவை இரண்டையும் லேப்டாப் தயாரிப்பாளர் தளத்தில் எடுங்கள். அப்புறம்தான் டாக் டிரைவர். டிஸ்ப்ளேலிங்க் பழைய பதிப்பு ஏற்கெனவே இருந்து குழப்பம் செய்தால், அவர்களே தரும் இன்ஸ்டலேஷன் கிளீனரை ஓட்டித் துடைத்துவிட்டு, ரீஸ்டார்ட் செய்து, டாக்கைச் செருகாமலே புதியதை நிறுவி, இன்னொரு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு செருகுங்கள். செருகிய நிலையிலும் நிறுவலாம்தான். ஆனால் பாதியில் திரை அணைந்து எரியும்போது புதியவர்கள் பயந்து வயரைப் பிடுங்கிவிடுகிறார்கள்.

லேன் டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட் வர லேன் டிரைவர் வேண்டும் என்று மாட்டிக்கொண்டால் போனை வயரில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் (போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுப்பது) போடுங்கள்.

கடைசியாக டாக்கின் ஃபர்ம்வேர், அதாவது டாக்குக்குள்ளேயே இருக்கும் மென்பொருள். பெரிய பிராண்டுகள் தனி அப்டேட் கருவி தருகின்றன. இது ஓடும்போது கரண்ட் போகக் கூடாது. லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, டாக்கில் இல்லை. பேப்பரில் உங்கள் ஏரியாவுக்கு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கம்பெனி லேப்டாப் என்றால் நிறுவும் உரிமை உங்களிடம் இருக்காது. ஐடி டீமுக்கு "டாக் வேலை செய்யவில்லை" என்று எழுதாதீர்கள். ஹார்டுவேர் ஐடியைக் காப்பி செய்து அனுப்புங்கள், பதில் சீக்கிரம் வரும். இன்னும் டாக் வாங்கவில்லையா? அப்படியானால் கம்பெனி லேப்டாப்புக்கு ஆல்ட் மோடு டாக்கே என் சிபாரிசு.

எல்லாம் வந்துவிட்டது, ஆனால்...

மவுஸ் இழுத்து இழுத்து ஓடினால் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் ரிஃப்ரெஷ் ரேட்டை (திரை வினாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்பதை) பாருங்கள். 4கே மானிட்டரில் 30 என்று நின்றிருக்கும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 மட்டும் உள்ள டாக், பாதிக் கம்பிகளை யூஎஸ்பி வேகத்துக்குக் கொடுத்துவிட்டு மீதியில் படம் அனுப்பினால் அவ்வளவுதான் முடியும். டிரைவரால் தீராது. தெளிவைக் குறைத்து 60 வாங்குவதே நல்லது.

வயர்லெஸ் மவுஸ் மட்டும் தத்தளித்தால் காரணம் வேறு. யூஎஸ்பி 3 துளைகளும் வயர்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். இன்டெல்லே 2012-இல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. மவுஸ் ரிசீவரை ஹார்டு டிஸ்க் பக்கத்தில் செருகாமல், ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயரில் மேசை முன்பக்கம் கொண்டு வாருங்கள்.

லேப்டாப் ஸ்லீப்பில் இருந்து எழுந்தால் லேன் வரவில்லையா? டிவைஸ் மேனேஜரில் அந்த லேன் வரியின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் லேப்டாப்பை அணைத்து, டாக்கின் அடாப்டரையும் வயரையும் கழற்றி, அரை நிமிடம் விட்டுச் செருகுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு: எம்1, எம்2 அடிப்படைச் சிப் உள்ள மேக்புக் ஒரு வெளி மானிட்டரைத்தான் தரும். இரண்டு எச்டிஎம்ஐ உள்ள சாதாரண டாக்கில் இரண்டிலும் ஒரே படம்தான் தெரியும், டாக் மேல் குற்றமில்லை. இரண்டு வேண்டுமென்றால் டிஸ்ப்ளேலிங்க் டாக் வாங்கி, டிஸ்ப்ளேலிங்க் மேனேஜர் நிறுவி, பிரைவசி பக்கத்தில் ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுமதி கொடுங்கள். அனுமதி என்றதும் பதறாதீர்கள், திரையைப் படித்தால்தான் அதனால் அனுப்ப முடியும். அதன் பக்கவிளைவாக ஓடிடி படங்கள் கறுப்பாகத் தெரியலாம்.

பிறகு சேர்த்தது

ஏற்காட்டில் இருந்து ஒரு அண்ணன் கேட்டிருந்தார்: கரண்ட் போனால் லேப்டாப் ஓடுகிறது, மானிட்டர்களும் லேனும் விழுந்து எழுகின்றன, மீட்டிங்கே அறுந்துபோகிறது, எந்த டிரைவர் போடுவது என்று. டிரைவர் எதுவும் வேண்டாம். இன்வெர்ட்டரின் பின்னால் யூபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் பேட்டரிக்கு மாறும் அந்தச் சின்ன இடைவெளியில் டாக் ரீசெட் ஆகிவிடும். யூபிஎஸ் பக்கம் தள்ளுங்கள்.

மாற்றிவிட்டு அவர் திரும்ப வந்தார், "இப்ப பேட்டரி சீக்கிரம் காலியாகுதுங்க" என்று. அதுவும் நியாயம்தான். யூபிஎஸ் நிலையில் வோல்டேஜ் சற்றே இறங்கினாலும் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். மலையில் லோ வோல்டேஜ் சகஜம். அப்படிப்பட்ட வீட்டில் இன்வெர்ட்டரை நார்மலிலேயே விட்டுவிட்டு, டாக்குக்கும் மானிட்டருக்கும் ரவுட்டருக்கும் மட்டும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் யூபிஎஸ் வாங்கிப் போடுங்கள். கோடை மழைக்கு இடி மின்னல் ஆரம்பித்தால் பிளக்கோடு டாக்கின் லேன் வயரையும் கழற்றுங்கள். பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.